மண்ணைக் கூப்பிடும் புல்

ஸ்ரீவைகுண்டத்தில் மதினி வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதன் மேல்தட்டில், அவர் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்த கேடயத்துக்கும் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஒட்டகத்துக்கும் நடுவில் ஒரு முள்பந்து உட்கார்ந்திருக்கிறது. உரித்த தேங்காயைவிடப் பெரியது. காய்ந்த வைக்கோல் நிறம். நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஊசி ஊசியாக விரிந்து நிற்கும். கை வைத்தால் குத்தும். தூக்கினால் எடையே தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கடல் பிராணி என்பார்கள், பறவைக்கூடு என்பார்கள். கியாஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒருமுறை, "என்ன டீச்சர், முள்ளம்பன்றிக் குட்டியா?" என்று கேட்டுவிட்டு ஓர் அடி பின்னால் போனதை நான் பார்த்திருக்கிறேன். மதினி யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. "எங்க மாமனார் சொத்துல எனக்கு வந்த பங்கு" என்பார். கேட்டவர் சிரிப்பார். மதினி சிரிக்கமாட்டார்.

அது இராவணன் மீசை என்ற புல்லின் காய்க்கொத்து. ராதாபுரம் தாலுகாவின் தெற்கு ஓரத்தில், பனங்காடு முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே மணல்மேடுகளின் மேல் தானாக முளைத்துக் கிடக்கும் புல் இது. இலை என்று பெயர்தான். சாம்பல் பூத்த பச்சையில், நுனி கூர்ந்த விறைப்பான ஊசிகள். ஆடு வாய் வைக்காது. தண்டு மணலின் மேல் கயிறுபோல நீளமாக ஓடும். ஓடுகிற வழியில் கணுவுக்குக் கணு வேர் இறக்கும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதையும், பந்து காய்ப்பது பெண் செடிதான் என்பதையும் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பந்து முற்றிக் காய்ந்ததும் காம்பு ஒடிந்து, காற்று தள்ளும் திசையில் முள்ளால் நடந்து போய்விடும். செடியோ இருந்த இடத்தைவிட்டு அசையாது.

நான் எதையும் தேதியோடு நினைவில் வைத்துக்கொள்கிறவன். ஆனால் இந்தக் கதையின் தேதிகளைக் காற்றை வைத்துச் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் வருடம் இரண்டாகப் பிரியும்: கச்சான் அடிக்கும் காலம், அடிக்காத காலம். கச்சான் என்பது மேற்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கிவரும் காற்று. வைகாசியில் தொடங்கினால் ஆவணி தாண்டியும் அடிக்கும். இன்று அந்தக் காற்றுக்காக ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அன்று அதற்கு ஒரே வேலைதான்; மணலை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது.

என் அப்பா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கி விட்ட விறைப்பான மீசை. சேமிப்பையெல்லாம் போட்டு, ஊருக்கு வெளியே மணல்வெளியின் ஓரத்தில் ஒரு வீடு கட்டினார். ஊரில் அதைப் பங்களா என்றார்கள். ஓட்டுக்கூரை, மேற்கே பார்த்த தலைவாசல், கிழக்கே, சமையல்கட்டான குசினியில் கடலைப் பார்த்த இன்னொரு வாசல். கட்டி முடித்த முதல் கச்சானிலேயே மணல் தலைவாசல்படிக்கு வந்துவிட்டது. கதவிடுக்கில் வந்தது, ஓட்டிடுக்கில் வந்தது, மூடிவைத்த சோற்றுப்பானைக்குள்ளும் வந்தது. பக்கத்தில் பம்பாய்க்குப் போன ஒரு குடும்பம் பூட்டிவிட்டுப் போன வீடு, திரும்பி வரும்போது கூரை முகடு மட்டும் தெரிய நின்றதை எல்லோரும் பார்த்திருந்தோம். அப்பா அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: "பெருக்குகிற வீட்டை மண் எடுக்காது." காலையிலும் மாலையிலும் வீட்டைப் பெருக்கவேண்டும், வாசலில் சேர்ந்ததை அள்ளிக் கிழக்கே கொட்டவேண்டும், ஒருநாளும் வீட்டைப் பூட்டக்கூடாது. விதியைச் சொன்னவர் அவர். பெருக்கியவள் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. இளம்வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். என் அம்மா இறந்தபிறகு அண்ணனையும் என்னையும் வளர்த்தது அவள்தான். வெளியூர்க் கல்யாணத்துக்கும் போகமாட்டாள். "வீட்ட யாரு பாப்பா?" என்பது அவளுடைய பதில். அது அவளுடைய பதிலா, அப்பா அவள் வாயில் வைத்த பதிலா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மதினி அந்த வீட்டுக்கு வந்தது ஒரு வைகாசியில், கச்சான் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்துப் பெண். ஆற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால் வாய்க்காலின் கரையில் அவர்கள் வீடு. வாசலில் நின்றால் ஒருபக்கம் வாழை, மறுபக்கம் நெல். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார். மறுவீடு முடிந்து வந்த அன்றைக்கு அத்தை அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, "ஏளா, இங்க மொதல்ல படிக்கவேண்டிய பாடம் இதுதான்" என்றாள். மதினி அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். இரண்டு மாத விடுப்பு முடிந்து அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பியபோது, அது விளையாட்டு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த தை மாதத்தில் அப்பா காலமானார். கடைசி நாட்களில் பேச்சு குழறிப் போயிருந்தது. ஆனாலும் "பூட்டிராதீங்க" என்பது மட்டும் தெளிவாக வந்தது. அடக்கத்துக்கு வந்திருந்த அண்ணன், அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அதை வாக்காக எடுத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர் மறுவாரம் விமானம் ஏறிவிட்டார். நான் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, வள்ளியூரில் பஸ் மாறி, இருட்டுவதற்குள் ஊர் வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புவேன். அண்ணனின் வாக்கைக் காப்பாற்ற மீதி இருந்தது இரண்டு பெண்கள்.

அந்த வருடம் பள்ளி விடுமுறையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை இடம் காலியாகி, மதினியைக் கூப்பிட்டார்கள். ஜூனில் சேரவேண்டும். மதினி அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குமுன் அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. அண்ணனிடம் கேட்க ராதாபுரத்துக்குப் போனோம். ஊரில் அப்போது வெளிநாட்டுக்குப் போனில் பேச வசதி கிடையாது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கூண்டு. மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். சத்தம் கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. முதலில் நிறைய அசைந்தது. பிறகு கொஞ்சமாக. கடைசியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்தது. 'சரி' என்ற சொல்லை உதட்டில் படிப்பது எளிது.

திரும்பும் பஸ்ஸில் மதினி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பிறகு, "உங்க அண்ணன் என்ன கேட்டாங்க தெரியுமா, தம்பி?" என்றார்.

"என்ன கேட்டாங்க மதினி?"

"ரெண்டு நேரமும் பெருக்குதியான்னு கேட்டாங்க."

நானும் அண்ணனிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். "ஏலே, நீ வேலைய விட்டுட்டு வந்து பெருக்குதியா?" என்று கேட்டார். "அப்பா கட்டின வீடுலே அது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. பாலைவனத்தில் ஒரு தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, தனக்கென்று கடலோரத்தில் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பில் தூங்கியவர். அந்த நினைப்பைப் பெருக்கித் துடைத்து வைத்திருப்பது மதினியின் வேலையாக இருந்தது.

அந்தக் கச்சான் மோசமாக அடித்தது. ஒரு சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மதினி முன்னறையில் முக்காடு போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பெருக்கிப் போனதும் முதல் மூலையில் மெல்லிய மணல் விரித்திருந்தது. அவர் திரும்பிப் போய் மறுபடி அங்கிருந்து தொடங்கினார். நான் வந்ததைக் கவனிக்கவே இல்லை. எத்தனை முறை இப்படிப் போய் வந்தார் என்று சொல்லமுடியாது. சாப்பிடும்போது பல்லில் மணல் நறநறத்தது. "எங்க ஊர்ல அரிசில கல்லு கெடந்தா கடைக்காரன ஏசுவோம்" என்றார். "இங்கன யார ஏச?" அத்தை சோற்றைப் பிசைந்தபடி, "ஒன் மாமனார ஏசு. கல்லறையில சும்மாதான கெடக்காவ" என்றாள். அப்பா இறந்தபிறகுதான் அத்தைக்கு அப்படிப் பேச வந்திருந்தது.

கார்த்திகை மழையில் மணல் நனைந்து கிடந்தபோது மதினி ஒரு யோசனை செய்தார். கடற்கரை மேடுகளுக்குப் போய், கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, இராவணன் மீசையின் தண்டுகளை அரிவாளால் அறுத்து ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தார். சாக்கையும் மீறி முழங்கை வரை கீறல்கள். வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில், வரிசையாக ஊன்றினார். எனக்கு விளக்கமும் சொன்னார். அவர்கள் ஊரில் வாய்க்கால்கரை கரையாமலிருக்க வெட்டிவேரைக் கரையிலேயே நடுவார்களாம். எதைக் காப்பாற்றவேண்டுமோ அதை ஒட்டி நடவேண்டும். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் புல்லும் மணலைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் வராதே. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அத்தை மட்டும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது எங்க அண்ணன் மீசை மாதிரில்லா வெறைச்சிக்கிட்டு நிக்கி! போனவர மறுபடி வாசல்ல கொண்டாந்து வச்சிட்டியே ஏளா" என்றாள்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. தண்ணீர் மண்ணை எடுத்துக்கொண்டு போவது. அங்கே புல், இருப்பதைப் போகவிடாமல் பிடிக்கிறது. காற்றோ மண்ணைக் கொண்டுவருவது. இங்கே புல், வருவதைப் போகவிடாமல் பிடிக்கிறது. மணல் தன்னை மூட மூட இராவணன் மீசை மேலே மேலே வளரும். புதைந்த கணு ஒவ்வொன்றும் வேர்விடும். மணல்மேடு என்பதே இந்தப் புல் சேர்த்து வைத்ததுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தூரத்தில் காற்றுக்கு முன்னால் நிற்க விடுவார்கள். ஒரு தண்டு வீட்டுப் பக்கம் ஓடிவந்தாலும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யாரும் மதினியிடம் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் நான் கேட்டபோது, "வாத்தியார் வீட்டுக்குப் போயி நாங்க பாடஞ் சொல்லவா வே?" என்றார்கள். கேலி இல்லாமல்தான் சொன்னார்கள்.

அடுத்த கச்சானில் முதல் மாதம் மதினிக்கு வெற்றிதான். வீட்டுக்குள் மணல் வருவது பாதியாகக் குறைந்தது. முன்னறையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கமுடிந்தது. ஆனியில் புல் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. அதன் காலடியில் மணல் சிறு வரப்புபோலக் கட்டியிருந்தது. ஆடியில் வரப்பு திட்டாகிவிட்டது. புல் திட்டின்மேல் ஏறி நின்றது. ஆவணிக் கடைசியில் நான் போனபோது மேற்கு ஜன்னலின் கீழ்க்கட்டை மணலுக்குள் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கம்பிகளுக்கு இணையாக, ஊசிகள் நின்றன. அறைக்குள் பகலிலும் இருட்டு.

மதினி என்னை அந்த ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். கம்பிகளுக்கு நடுவே விரலை நீட்டி ஓர் இலையைத் தொட்டார்.

"தம்பி, நான் தப்பால்லா நெனச்சிட்டேன்" என்றார். "இது மண்ணத் தடுக்கல. மண்ணக் கூப்பிடுது."

"பிடுங்கிருவோமா மதினி? அடுத்த வாரம் ஆள் கூட்டிட்டு வாரேன்."

அவர் ஜன்னலில் மேலே மிச்சமிருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பைய செய்யலாம். காத்து நிக்கட்டும்" என்றார்.

காற்று நின்றபிறகு எங்கள் ஊர் வேதக்கோயிலில் அசனப் பண்டிகை வரும். எல்லா வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடும் நாள். வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். அந்த அசனத்துக்கு நான் போயிருந்தேன். புல் அப்படியே இருந்தது. அடுத்து அலுவலக வேலையாக மணிமுத்தாற்றுக்கும் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, கார்த்திகை பாதியில்தான் மறுபடி ஊருக்குப் போகமுடிந்தது. வீட்டை நெருங்கும்போதே தெரிந்தது. சுவரோரத்துப் பழைய வரிசைக்கு முன்னால் புதிதாக இன்னொரு வரிசை நட்டிருந்தது. அது சுவரோடு நிற்கவில்லை. தலைவாசல்படியின் இரண்டு பக்கமும் வந்து, நடுவில் ஆள் நுழைய மட்டும் வழி விட்டிருந்தது. மழையில் வேர் பிடித்து நிமிர்ந்திருந்தது. மதினியின் முழங்கையில் புதுக் கீறல்கள்.

"என்ன மதினி இது?"

"போன தடவ விட்டுப்போன எடத்துல வச்சேன்" என்றார், என் முகத்தை நேராகப் பார்த்து.

முதல் வருடத்து நடவு தவறு. இரண்டாம் வருடத்து நடவு, ஆவணியில் அந்த ஜன்னலில் விரல் நீட்டியதற்குப் பிந்தியது. எது முந்தி எது பிந்தி என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கம் என் வாயை அடைத்துவிட்டது. அவரால் வீட்டைவிட்டுப் போகமுடியாது. பெருக்கவும் தவறவில்லை, இரண்டு நேரமும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார். வாக்கை மீறாமல், பூட்டாமல், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அந்த வீட்டிலிருந்து வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. வீடு முதலில் போகவேண்டும்.

நான் பயந்தது அத்தையை நினைத்துத்தான். நாளெல்லாம் புல்லைத் திட்டிக்கொண்டிருந்தாள். "வீட்டச் சுத்தி முள்ளு வச்சிருக்காளே, நாம என்ன களவாணிகளாலே?" என்று என்னிடம் முறையிட்டாள். அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. மாசி மாதம், ஈரமெல்லாம் வற்றி வெயில் ஏறிய நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பி வீட்டைச் சுற்றி மேற்கே வந்தேன். அத்தை குனிந்து, அரிசி களைந்த கழுநீரைப் பானையிலிருந்து ஒவ்வொரு தூராக ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், வாடிய தூருக்குக் கொஞ்சம் கூடுதலாக. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"என்னலே பாக்க?" என்றாள். "வீணா ஊத்தவா?"

அத்தை அந்த மணல்வெளிக்கு வந்த நாளிலிருந்து கழுநீரைக் கிழக்கேதான் கொட்டிவந்தாள்.

அப்பா போனபிறகு மூன்றாவது கச்சான் வந்தது. ஆடியில் தலைவாசல் கதவைத் திறந்தால் மணல் உள்ளே சரிந்தது. அதனால் திறப்பதை விட்டுவிட்டார்கள். மேற்குப் பாதி வீடு பகலிலும் விளக்கு கேட்டது. மதினியும் அத்தையும் குசினியிலும் அதை ஒட்டிய அறையிலுமாக ஒடுங்கினார்கள். நான் போகும் சனிக்கிழமைகளில் மூன்று பேரும் அந்தச் சின்ன இடத்தில், சுவருக்கு அப்பால் மணல் உரசும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். அது சரசரப்பு மாதிரியும் இருக்கும், யாரோ மெதுவாகச் சுவரைத் தடவிப் பார்ப்பது மாதிரியும் இருக்கும். இவர்கள் இருவரும் தாங்களே கூப்பிட்ட ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டார்களோ என்று நினைத்தேன். சுவர் உள்ளே விழுந்தால்? மதினியிடம் கேட்டேன். "விழாது" என்றார். பிறகு, "விழுந்தா குசினி வாசல் இருக்குல்லா" என்றார். மேலிருந்து ஓட்டுத்தூசி அவர் தலையில் உதிர்ந்தது, தட்டிவிடவும் இல்லை.

அண்ணன் ஆவணியில் விடுப்பில் வந்தார். நான்தான் வள்ளியூரிலிருந்து காரில் கூட்டிவந்தேன். வழியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் மனதில் ஏறவில்லை. கையில் பெட்டியோடு இறங்கி, பழக்கத்தில் தலைவாசலை நோக்கி நடந்தவர், மணல்மேட்டின் முன்னால் நின்றுவிட்டார். மேட்டின் மேல் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அதற்குப் பின்னால் கூரையும் முகடும் மட்டும்.

"வாசல் எங்கலே?" என்றார்.

மறுநாள் ஊரிலிருந்து மம்பட்டியோடு ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் வெட்டினார்கள். மணல் வழுக்கி வந்து வெட்டிய குழியை நிரப்பியது. அடியில் கணுக்கணுவாக வேர்விட்ட தண்டுகள் ஒன்றோடொன்று பின்னி, மம்பட்டியைத் திருப்பி அனுப்பின. கைகளில் ரத்தம். பொழுது சாயும்போது ஒருவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, இது மண்ணுன்னா அள்ளிரலாம். இது கோட்டைல்லா வே! யாரு கட்டினது?" என்று கேட்டார். அண்ணன் மதினியைப் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார் மதினி. "மண்ணு உள்ள வராம இருக்கணும்னு வச்சேன். எங்க ஊர்ல அப்படித்தான் வைப்போம்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆட்கள் குனிந்து சிரித்தார்கள். "வைகுண்டத்துக்காரவுகளுக்கு வாழ வைக்கத் தெரியும், இது தெரியுமா?" என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பை மதினி தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். கோபம் வந்திருந்த அண்ணனுக்கு, அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு கோபப்பட வழியில்லாமல் போயிற்று. மேட்டின் சரிவில் உட்கார்ந்து அழுதார். மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவரும் அழுதார் என்பதைச் சொல்லவேண்டும். அது நடிப்பு அல்ல.

அந்த வாரமே கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றினோம். கிழக்குப் பக்கத்து ஓடுகள், கதவுகள், நிலைகள், அப்பாவின் கட்டில். தலைவாசல் கதவை மட்டும் எடுக்கமுடியவில்லை. அதன்மேல் மேடு நின்றது. அது இன்றைக்கும் மணலுக்குள் சாத்தியபடிதான் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் மதினியின் தாய்வீட்டுக்கு லாரி கிளம்பும்போது அத்தையைக் காணவில்லை. கட்டாயம் வரமாட்டேன் என்பாள், எங்காவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று அண்ணன் குசினிப் பக்கம் தேடினார். அவள் எல்லோருக்கும் முன்னால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி, மடியில் தன் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் என்ன பராக்கு? வண்டிய எடுக்கச் சொல்லுலே" என்றாள். மதினி கடைசியாக மேட்டிலிருந்து ஒரு முள்பந்தை ஒடித்து, முந்தானையில் பொதிந்து எடுத்துவந்தார்.

அடுத்த ஜூனில் மதினி அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலையில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அத்தை ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் இன்னும் பல வருடம் இருந்தாள். தினமும் ஆற்றுக்குக் குளிக்கப் போய், ஈரச்சேலையோடு ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு திரும்புவாள். அண்ணன் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்தபிறகு வடகாலைப் பார்த்து மேற்கு வாசல் வைத்து அந்த வீட்டை எடுத்துக் கட்டினார்.

சில வருடங்களாக அண்ணன் படுக்கையில் இருக்கிறார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நினைவும் பின்னால் போய்விட்டது. அவருக்கு இப்போது கடலோர வீடுதான் வீடு. பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் நிலைப்பதில்லை. மதினி ஆராதனைக்குப் போயும் நாளாயிற்று. இந்த ஆடியில் நான் போயிருந்தபோது, "பூட்டிட்டுப் போக முடியாத வீடு எனக்குன்னே அமையுது, தம்பி" என்றார். புகார்போலச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

நான் எங்கள் ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் எப்போது எந்த வீட்டைக் கட்டினார்கள், எது எப்படிப் போயிற்று என்று. எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதைக் கேட்கத்தான் அன்றைக்குப் போயிருந்தேன். மதினி அலமாரியைத் திறந்து பொருட்களைத் தரையில் எடுத்து வைத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டப் பத்தி என்ன எழுத, மதினி?"

மதினி கேடயத்தைத் துடைத்து முடித்தார்.

"மண்ணு மூடிட்டுன்னு எழுதுங்க" என்றார். "பொய்யா?"

"பொய்யில்ல."

"பெறகென்ன?" பிறகு சின்னக் குரலில், "அத்த இருந்தா, எங் கழுநீர எழுதலியாலேன்னு சண்டைக்கு வந்திருப்பாவ" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

மேற்கு வாசல் திறந்திருந்தது. வாழைத்தோட்டங்களைத் தாண்டி வந்த ஆடிக்காற்று உள்ளே நுழைந்தது. தரையில் வைத்திருந்த முள்பந்து அசைந்தது, ஒருமுறை உருண்டது, பிறகு முள் முள்ளாக ஊன்றி, சிமென்ட் தரையில் கிறீச்சென்று ஒலியெழுப்பிக்கொண்டு அறையைக் கடந்து அண்ணனின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"என்ன சத்தம்?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. காத்து."

"கச்சானா?"

"ஆமா."

அண்ணன் கண்ணை மூடியபடி யோசித்தார். "மேற்கே கதவு சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு" என்றார் மதினி.

கதவு திறந்தே கிடந்தது. அவர் எழுந்து போய் அதைச் சாத்தவில்லை. பந்தை எடுக்கவும் குனியவில்லை. கட்டில் காலில் முட்டி நின்ற அது, காற்று வரும்போதெல்லாம் நகரப் பார்த்துக்கொண்டிருந்தது.